எஸ்பிளனேட் சேமக்காலையில் ஒரு அட்மிரல்



சில வருடங்களுக்கு முன் கோட்டைப் பக்கம் ஒரு வெளிநாட்டுப் பெண் என்னை நிறுத்தி, "ஜேன் ஒஸ்டினுடைய தம்பியின் கல்லறை எங்கே?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இதே ஊரில் பிறந்து பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவன் நான். வெட்கமாகப் போய்விட்டது. அவர் போன பிறகுதான் தேடத் தொடங்கினேன். நாம் மான்களைப் பார்த்துக்கொண்டு கடந்து போகும் எஸ்பிளனேட் சேமக்காலையிலேயே அவர் கிடக்கிறார்.

பெயர் சார்ள்ஸ் ஒஸ்டின். 1779இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 12 வயதில் கடற்படைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்த 1795இல் அவருக்கு 16 வயது.

1801இல் எதிரிக் கப்பல் ஒன்றைப் பிடித்ததில் அவர் பங்குக்கு 30 பவுண் கிடைத்தது. அந்தக் காசில் இரண்டு சகோதரிகளுக்கும் தங்கச் சங்கிலியும் டோபாஸ் சிலுவையும் வாங்கினார். அந்தச் சகோதரிகளில் ஒருவர்தான் ஜேன். 1814இல் வந்த 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலில், கடற்படையில் இருக்கும் அண்ணன் தங்கைக்குச் சிலுவை கொண்டுவருவான். எங்கிருந்து வந்த கதை என்று இப்போது விளங்கும்.

அதே 1814இல் அவருடைய மனைவி, பிரசவத்துக்குப் பின் 'நேமூர்' கப்பலிலேயே இறந்துபோனார். 24 வயது. பிள்ளைகளும் அந்தக் கப்பலில்தான் வளர்ந்தார்கள். இரண்டு வருடத்தில் அவருடைய இன்னொரு கப்பல் துருக்கிக் கரையோரம் உடைந்தது. பிறகு பல வருடம் கரையில்தான் வேலை. 1826இல் திரும்பவும் கடலுக்குப் போய், ஜமேக்கா பக்கம் அடிமை வியாபாரக் கப்பல்களைத் தடுக்கும் பணியில் இருந்தார். இது அவர் கணக்கில் நல்ல பக்கம்.

மற்றப் பக்கமும் உண்டு. 1850இல், 70 வயதில், கிழக்கிந்திய, சீனக் கடற்படைத் தளபதியானார். 1852இல் பர்மா மீது படையெடுப்பு. இரண்டு ஆங்கிலக் கப்டன்களுக்கு ரங்கூன் ஆளுநர் அறவிட்ட அபராதத்தில் தொடங்கிய தகராறு அது. அதற்காக ஒரு நாட்டையே பிடிப்பது என்ன நியாயம் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. கிழவர் இடையில் நோயில் விழுந்து, கல்கத்தா போய் ஓய்வெடுத்து, மீண்டும் வந்தார். ஒக்டோபர் 7ஆம் திகதி ஐராவதி ஆற்றில், 'புளூட்டோ' என்ற நீராவிக் கப்பலில், வாந்திபேதியால் இறந்தார். நம் ஊருக்குக் கொண்டுவந்து அடக்கினார்கள். அந்த வருடம் முடியுமுன் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது.

கல்லறைக் கல்லில் பதவியும் பர்மா யுத்தமும்தான் எழுதியிருக்கிறது. சகோதரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் இன்றைக்குத் தேடி வருகிறவர்கள் அந்தச் சகோதரிக்காகத்தான் வருகிறார்கள்.

"நம்மை ஆண்ட வெள்ளைக்காரனைப் பற்றி உங்களுக்கு ஏன் சேர்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். அட்மிரலுக்குக் கல் இருக்கிறது, எழுதிவைத்த தமக்கையும் இருந்தாள். நமது டொக்யார்டில் கப்பல் பழுதுபார்த்த, பாரம் சுமந்த நம்மவர்களின் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது? நம் மையவாடிகளில் பழைய கப்ருகள் பலவற்றுக்கு மீசான் கட்டை கூட மிஞ்சவில்லை.

இன்ஷா அல்லாஹ், அடுத்த தவணை வகுப்புப் பிள்ளைகளை அந்தச் சேமக்காலைக்குக் கூட்டிப்போக அனுமதி கேட்டிருக்கிறேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். உங்கள் வாப்பாவோ மூத்தவாப்பாவோ டொக்யார்டில் வேலை செய்திருந்தால், என்ன வேலை, எந்தக் காலம் என்று கீழே எழுதுங்கள். பழைய அடையாள அட்டை, சம்பளத் துண்டு ஏதும் வீட்டுப் பெட்டிக்குள் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். நான் வந்து படம் எடுத்துக்கொள்கிறேன்.