ஒரே இதயம், பல பங்காளிகள்

போன வருடம் மகள் வீட்டுக்கு எடின்பரோ போயிருந்தேன். கோட்டையிலிருந்து இறங்கி வரும் ராயல் மைல் தெருவில் ஒரு நினைவுப் பொருள் கடை. சுவர் முழுக்கச் சாவிக்கொத்துகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர், கூடவே ஒரு சின்னம். 'உங்கள் குடும்பச் சின்னம் இங்கே கிடைக்கும்' என்று ஓர் அட்டை தொங்கியது. டக்ளஸ் என்ற பெயர் போட்டதை எடுத்தேன். நெருப்புக்குள் பச்சைப் பல்லி மாதிரி ஏதோ நின்றது. "அப்பா, நமக்கும் டக்ளஸுக்கும் என்ன சம்பந்தம்?" என்று மகள் சிரித்தாள். சம்பந்தம் ஒன்றும் இல்லை. பல்லி பிடித்திருந்தது, வாங்கினேன்.

வெளியே மழை, வீட்டில் இணையம். இரண்டு மாதம் டக்ளஸ் குடும்பத்தைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். முதலில் தெரிந்துகொண்டது, அந்தக் கடை அட்டையே தவறு என்பதுதான். ஸ்காட்லாந்தில் 'குடும்பத்துக்கு' என்று பொதுவான கேடயச் சின்னம் கிடையாது. சின்னம் ஒரு ஆளுக்குச் சொந்தம். அவருக்குப் பின் அவருடைய வாரிசு ஒருவருக்குத்தான் அது அப்படியே போகும். தம்பிகள் அதே கேடயத்தை வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஏதாவது வித்தியாசம் காட்டியாக வேண்டும். பெரும்பாலும் கேடயத்தைச் சுற்றி ஒரு கரை போடுவார்கள், நம் வேட்டிக்கு இருப்பது போல. இன்ன நிறக் கரை என்றால் இத்தனையாவது மகன் வழி என்று தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள லார்ட் லயன் என்று ஓர் அதிகாரி இருக்கிறார். அவருக்குத் தனி நீதிமன்றம், தனி அரசு வழக்கறிஞர் உண்டு. 1672ஆம் ஆண்டுச் சட்டப்படி தொடங்கிய பதிவேடு இன்றும் நடக்கிறது. அதில் பதியாமல் சின்னம் வைத்துக்கொண்டால் அங்கே குற்றம். முப்பது வருடம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். இதைப் படித்ததும் பழைய நண்பரைப் பார்த்தது போல இருந்தது.

இனி டக்ளஸ் கதைக்கு வருகிறேன். அவர்களுடைய ஆதிக் கேடயம் எளிமையானது. வெள்ளைக் கேடயம், மேலே நீலப் பட்டை, அதில் மூன்று வெள்ளை நட்சத்திரங்கள். அவ்வளவுதான்.

சிலந்தியைப் பார்த்துப் பாடம் கற்றதாக நாம் பள்ளியில் படித்த ராபர்ட் புரூஸ் நினைவிருக்கிறதா? அவருடைய வலதுகை சர் ஜேம்ஸ் டக்ளஸ். புரூஸ் 1329இல் இறந்தார். புனிதப் போருக்குப் போக வேண்டும் என்ற ஆசை அவருக்கு நிறைவேறவில்லை. என் இதயத்தையாவது எடுத்துப் போங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஜேம்ஸ் அதைப் பேழையில் வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். வழியில் ஸ்பெயினில் காஸ்டீல் அரசரின் படையோடு சேர்ந்து போரிட்டு, 1330 ஆகஸ்டில் தேபா என்ற கோட்டை அருகே உயிர்விட்டார். இதயம் ஸ்காட்லாந்துக்குத் திரும்பி மெல்ரோஸ் மடத்தில் அடக்கமானது. ஜேம்ஸின் எலும்புகள் டக்ளஸ் ஊர்த் தேவாலயத்துக்கு வந்தன.

அதற்குப் பிறகு அவருடைய தம்பி மகன் வில்லியம், முதல் டக்ளஸ் ஏர்ல் ஆனவர், தன் முத்திரையில் நட்சத்திரங்களுக்குக் கீழே ஒரு சிவப்பு இதயத்தைச் சேர்த்துக்கொண்டார். அரசனுக்கு உயிரைக் கொடுத்த குடும்பம் என்பதற்கு அதுவே சான்று. அந்த இதயத்தின் மேல் கிரீடம் வைத்தது வெகு காலத்துக்குப் பின்.

இப்போது கிளைகளைப் பாருங்கள். டால்கீத் டக்ளஸ்கள் என்று ஒரு கிளை உண்டு. அவர்களுடைய பழைய கேடயத்தில் பட்டை சிவப்பு, நட்சத்திரம் இரண்டு, இதயம் இல்லை. ஏன்? அவர்கள் ஜேம்ஸின் காலத்துக்கு முன்பே பிரிந்துபோனவர்கள். பாகப்பிரிவினை முடிந்த பிறகு வந்த சொத்தில் பங்கு கேட்க முடியுமா? படிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு கேடயம் போதும், கிளை எப்போது பிரிந்தது என்று ஊகித்துவிடலாம்.

இதயத்தைச் சுமந்த கிளைகளின் கதை இன்னும் வியப்பு. இரண்டாவது ஏர்ல் 1388இல் ஆட்டர்பர்ன் போரில் சட்டப்படியான பிள்ளை இல்லாமல் இறந்தார். பட்டம் போனது ஆர்ச்சிபால்டுக்கு. அவர் நம் சர் ஜேம்ஸின் மகன், ஆனால் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர். இவர் வழிதான் 'கறுப்பு டக்ளஸ்கள்'. முதல் ஏர்லுக்கும் ஆங்கஸ் சீமாட்டிக்கும் அதே மாதிரி பிறந்த ஜார்ஜ் வழி 'சிவப்பு டக்ளஸ்கள்'. இரண்டாவது ஏர்லின் அப்படிப்பட்ட மகன் ஒருவர் வழி டிரம்லன்ரிக் கிளை, பிற்காலக் குயின்ஸ்பெரி பிரபுக்கள். அவர்களுடைய இதயத்துக்குச் சிறகு முளைத்துவிட்டது. ஊர் வாய் என்ன பேசியிருக்குமோ, மூன்று கிளைகளும் அதே இதயத்தைத் தலைநிமிர்ந்து சுமந்தன.

கறுப்பு டக்ளஸ்களின் கேடயத்தில் காலோவே நாட்டின் வெள்ளைச் சிங்கமும் ஏறியது. செல்வாக்கு அரசனுக்குச் சமமாக வளர்ந்தது. அங்கேதான் வினை. 1440 நவம்பரில் எடின்பரோ கோட்டைக்கு அழைக்கப்பட்ட ஆறாவது ஏர்லும் தம்பியும் அங்கேயே தலை வெட்டப்பட்டார்கள். ஏர்லுக்குப் பதினாறு வயது இருக்கும். பட்டம் யாருக்குப் போனது என்றால், அவர்களுடைய தாத்தாவின் தம்பிக்கு. அந்தச் சாவில் அவருக்கும் கை உண்டு என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. அவருடைய மகன் எட்டாவது ஏர்ல். பாதுகாப்புக் கடிதம் கொடுத்து ஸ்டர்லிங் கோட்டைக்கு வரவழைத்து, 1452 பிப்ரவரி 22 அன்று இரண்டாம் ஜேம்ஸ் அரசரே அவரைக் கத்தியால் குத்தினார். அந்த அரசர் புரூஸின் வம்சம். எந்த இதயத்தைச் சுமந்து ஒரு டக்ளஸ் செத்தாரோ, அந்த இதயத்துக்குரியவரின் வாரிசு இன்னொரு டக்ளஸைக் கொன்றார்.

மூன்று வருடம் கழித்து, 1455இல் ஆர்கின்ஹோமில் கடைசிச் சண்டை. கறுப்பு டக்ளஸ் சகோதரர்கள் ஒரு பக்கம். எதிரே அரசருக்காக நின்றவர்களில் சிவப்பு டக்ளஸ்களும் உண்டு. கறுப்புக் கிளை அழிந்தது, நிலங்கள் பறிபோயின. டக்ளஸ் ஊர்ப் பகுதி சிவப்புக் கிளையான ஆங்கஸ் ஏர்லுக்கு வந்து சேர்ந்தது. இரண்டு பக்கக் கேடயத்திலும் அதே இதயம், அதே மூன்று நட்சத்திரம். பங்காளிச் சண்டைக்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

கடைசியாக ஒன்று. 1761இல் டக்ளஸ் டியூக் பிள்ளையில்லாமல் இறந்தபோது சொத்து யாருக்கு என்று பெரிய வழக்கு நடந்தது. 1769இல் லண்டன் பிரபுக்கள் சபை, டியூக்கின் தங்கை மகனுக்குச் சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. ஆண்வழிப் பட்டங்கள் சில ஹாமில்டன் டியூக்குகளுக்குப் போயின. அவர்கள் பெயர் இன்று டக்ளஸ்-ஹாமில்டன். இரட்டைப் பெயர் வைத்திருப்பவரைக் குலத் தலைவராக லார்ட் லயன் ஏற்பதில்லை. ஆகவே இவ்வளவு பேர் பெற்ற டக்ளஸ் குலத்துக்கு இன்று அங்கீகாரம் பெற்ற தலைவரே இல்லை.

என் சாவிக்கொத்தில் இருப்பது சலமாண்டர் என்ற பிராணியாம், ஆங்கஸ் கிளையின் தலைக்கவசச் சின்னம். முறைப்படி அது தலைவருக்கு உரியது. குலத்தவர் வார்ப்பட்டை வளையம் போட்டு, அவருக்கு உட்பட்டவர்கள் என்று காட்டி அணிந்துகொள்ளலாம். தலைவர் நாற்காலியோ காலி.

வேலையில் இருந்தபோது எத்தனையோ அண்ணன் தம்பிகள் என் மேசை முன்னால் முகம் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தாத்தா பெயரை மட்டும் இருவரும் ஒரே மாதிரி பெருமையோடு சொல்வார்கள். அந்த முகங்கள் எனக்கு டக்ளஸ் கேடயங்களில் தெரிந்தன. இதயத்தைச் சுமந்தவர் ஒருவர், அதை வரைந்துகொண்டவர்கள் பலர். அந்தச் சாவிக்கொத்தில் இப்போது என் பீரோ சாவி தொங்குகிறது. பத்திரங்கள் எல்லாம் அதற்குள்தான். பிள்ளைகள் சண்டை போடாதபடி எழுதி வைத்துவிட்டேன் என்று நம்புகிறேன்.