வீட்டுத் தோட்டத்து உயிர்களும் ஒளிப்படக் கலையும்: ஒரு வரலாற்று நோக்கு

வீட்டின் கொல்லையிலுள்ள செடியையும், அதன் இலைமேல் ஊரும் புழுவையும், மலரில் வந்தமரும் வண்ணத்துப்பூச்சியையும் இன்று எவரும் ஒரு நொடிப்பொழுதில் படம் பிடித்துவிடுகின்றனர். ஒளிப்படம் தோன்றிய நாளில் இந்நிலை இருந்ததன்று. முதற்கண் இலையும், பின்னர் இறந்த பூச்சியின் சிறகும், அதன்பின் பறவையின் கூடும், நெடுங்காலம் கழித்தே பறக்கும் பூச்சியும் படத்தில் இடம்பெற்றன. இவ்வரிசைக்கு யாது காரணம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒளி பட்டு உருவம் பதிதற்கு வேண்டிய நேரத்தை ஈண்டு 'ஒளிபடு காலம்' எனக் குறிப்போம். அக்காலம் எவ்வளவு சுருங்கிற்றோ, அவ்வளவுக்கு உயிர்களைக் கொல்லாமலே அவற்றின் உருவைப் பெறுதல் இயலுவதாயிற்று என்பது நம் கருத்து. எனினும், இதற்கு ஓர் எல்லை உண்டென்பதும் இறுதியில் விளங்கும்.

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்தில் லேக்காக் என்னும் ஊர் உள்ளது. அங்கே தம் முன்னோர் மாளிகையில் வாழ்ந்த வில்லியம் ஹென்றி பாக்ஸ் டால்பட், கணிதத்தில் வல்லவர்; செடிகொடிகளை ஆராய்வதிலும் பேரார்வம் உடையவர். 1834 ஆம் ஆண்டளவில் அவர் தாளை உப்புநீரில் தோய்த்து உலர்த்தி, அதன்மேல் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைப் பூசினார். அத்தாளின்மேல் ஓர் இலையையோ பூங்கொத்தையோ வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் இட்டார். வெயில் பட்ட இடம் கறுத்தது. இலை மறைத்த இடம் வெளுப்பாக நின்றது. மெல்லிய இலையாயின் நரம்புகளும் பதிந்தன. படக்கருவி ஏதுமின்றி, தோட்டத்து இலையே தன் உருவைத் தானே தாளில் எழுதியது எனலாம். 1839 சனவரித் திங்கள் 31 ஆம் நாள் அவர் தம் முறையைப் பற்றிய கட்டுரையை இலண்டன் இராயல் கழகத்தில் அறிவித்தார்.

டால்பட் இலையைத் தேர்ந்தமைக்கு அவர்தம் தாவரநூற் பயிற்சி ஒரு காரணம். இலை அசையாது கிடக்கும் என்பது மற்றொன்று. அக்காலத் தாளில் உருவம் பதிய வெயிலில் பல நிமிடங்கள் வேண்டியிருந்தன. படக்கருவியினுள் வைத்தாலோ ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் ஆயிற்று. உயிருள்ள பூச்சி அவ்வளவு நேரம் இருந்த இடத்தே இருப்பதில்லை. ஆகவே அவர் பூச்சியைப் படமெடுக்க விழைந்தபோது, உடலினின்று பிரித்த சிறகுகளையே கொண்டார். சூரியவொளியைக் கண்ணாடியால் திருப்பிப் பொருளின் உருவைப் பெரிதாக்கி வீழ்த்தும் நுண்ணோக்கியின் துணையால், சிறகின் நரம்பமைப்பைத் தாளில் பதிவித்தார். பூச்சியினம் ஒளிப்பட வரலாற்றினுள் புகுந்தது உயிரோடு அன்று என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

டால்பட்டின் வழியைப் பின்பற்றி அதனை அறிவியற் பணியாக வளர்த்தவர் அன்னா அட்கின்ஸ் (1799–1871) என்னும் அம்மையார். இவர் தந்தையார் ஜான் ஜார்ஜ் சில்ட்ரன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். தந்தையார் மொழிபெயர்த்த லமார்க்கின் சிப்பி நூலுக்காக அம்மையார் 256 ஓவியங்களைத் தம் கையால் வரைந்து தந்திருந்தார். எனவே கையால் வரைவதில் உள்ள உழைப்பையும் பிழையையும் அவர் நன்கு உணர்ந்தவர். 1841 இல் வில்லியம் ஹார்வி வெளியிட்ட பிரித்தானியக் கடற்பாசி நூலில் பெயர்களும் விளக்கங்களும் இருந்தன, படங்கள் இல்லை. பெயர் நின்று பொருள் மயங்கும் இவ்விடர், குறிஞ்சிப்பாட்டு மலர்களுள் சிலவற்றை இன்றைய செடிகளோடு பொருத்த முயன்றவர்க்குப் புதியதன்று. 1842 இல் ஜான் ஹெர்ஷல் இரும்பு உப்புக்களைக்கொண்டு நீலப்படம் எடுக்கும் முறையைக் கண்டார். அம்முறையால் அம்மையார் கடற்பாசிகளைத் தாளின்மேல் பரப்பி, வெயிலில் வைத்து, வெறும் நீரில் கழுவி, நீலப் பின்புலத்தில் வெண்ணிற உருவங்களைப் பெற்றார். அவர் நூலின் முதற்பகுதி 1843 இல் வெளிவந்தது. பணி முற்றுப்பெற்ற 1853 வரை ஏறத்தாழ 400 படங்கள் உருவாயின. ஒளிப்படங்களால் அமைந்த முதல் நூலாக அது மதிக்கப்படுகிறது. பின்னர்த் தம் தோழி ஆன் டிக்சனோடு சேர்ந்து பெரணிகளையும் பூக்கும் செடிகளையும் அவ்வாறே பதிவு செய்தார். கென்ட் மாவட்டத்தில் ஒரு வீட்டின் வெயிலும் நீருமே அவர்தம் ஆய்வுக்கூடம் ஆயின.

விலங்கும் பறவையும் இங்ஙனம் தாளின்மேல் பரப்பப்படுவன அல்ல. அவற்றைப் படமெடுக்க எழுந்த ஆசைக்குத் தொழில்நுட்பம் இடந்தராதபோது நிகழ்ந்ததை, ஜான் டில்வின் லுவெலின் என்பாரின் படங்கள் காட்டுகின்றன. டால்பட்டின் உறவினர் பெண்ணை மணந்த இவர், வேல்சு நாட்டில் சுவான்சிக்கு அருகே பென்லெர்கேர் என்னுமிடத்தில் பெருந்தோட்டம் உடையவர். 1850களில் அத்தோட்டத்து நீர்க்கரையிலும் புதர்களிடையிலும் நாரை, மான் முதலியவற்றை அவர் படமெடுத்தார். அவை யாவும் பதப்படுத்திப் பஞ்சடைத்த உடல்களே. 1856 இல் எடுத்த நாரைப் படத்தில் அப்பறவை மீனுக்குக் காத்துநிற்பது போல் தோன்றும். நீரும் நாணலும் மெய். நாரையின் உயிர் மட்டும் பொய். இதனை ஏமாற்று எனக் கொள்ளுதல் பொருந்தாது. உயிருள்ள நாரை தலையசைத்தால் படம் கலங்கிவிடும் காலத்தில், நிலைத்து நிற்கும் நாரையைப் பெற வேறு வழி அரிதாக இருந்தது.

1871 இல் ரிச்சர்டு மேடாக்ஸ் என்பார் ஊன்பசை பூசிய உலர்தகட்டு முறையை வெளியிட்டார். அப்பத்தாண்டின் இறுதியில் அது திருத்தம் பெற்று, ஒளிபடு காலம் ஒரு நொடியின் சிறு கூறாயிற்று. இதன் பயனைப் பெற்றவருள் யார்க்ஷயரில் பிறந்த ரிச்சர்டு கியர்ட்டன், செரி கியர்ட்டன் என்னும் உடன்பிறந்தார் தலையாயவர். 1892 இல் முட்டைகளோடு கூடிய ஒரு பறவைக்கூட்டைப் படமெடுத்துத் தம் பணியைத் தொடங்கினர். 1895 இல் வெளியான அவர்தம் பறவைக்கூட்டு நூலின் படங்கள் இயற்கையினின்று நேரே எடுக்கப்பட்டவை. பறவைகளை அச்சுறுத்தாது அணுகும்பொருட்டு, எருதின் தோலைப் பதப்படுத்தி உள்ளே வெற்றிடமாக அமைத்து, அதனுள் மறைந்துநின்று அவர்கள் படமெடுத்தனர். லுவெலின் காலத்தில் பதப்படுத்திய உடல் படக்கருவியின் முன்னே நின்றது. கியர்ட்டன் காலத்தில் அது படமெடுப்பவரைச் சூழ்ந்து நின்றது. நாற்பதாண்டுகளில் நிகழ்ந்த இவ்விட மாற்றம் நம் கருத்திற்குத் தக்க சான்றாகும். பொம்மையாதல் இப்போது மனிதன்மேல் வந்த கடமையாயிற்று. பறவை உயிருடன் தன் வழியே போயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலம் இருதிசையிலும் ஆளப்பட்டது. பாரிசுக்கு அருகே மாரே நிலையத்தில் லூசியன் புல் என்பார் 1904 இல் மின்பொறியின் ஒளியால், நொடிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களாகப் பூச்சியின் சிறகசைவைப் பதிவு செய்தார். இது விரைவை மெதுவாக்கிக் காணும் வழி. இதற்கு மறுதலையாக, இலண்டனில் கல்வித்துறை எழுத்தராக இருந்த பெர்சி ஸ்மித் (1880–1945), மொட்டு மலராகும் நீண்ட நிகழ்ச்சியை இடையிட்டு எடுத்த படங்களால் சுருக்கிக் காட்டினார். 1910 இல் வெளிவந்த மலரின் பிறப்பைப் பற்றிய அவரது திரைப்படம் இவ்வகையில் புகழ்பெற்றது. பின்னர் அவர் சவுத்கேட்டிலுள்ள தம் வீட்டையே படப்பிடிப்புக் கூடமாக்கித் தாமே இயற்றிய கருவிகளோடு செடிகளையும் சிறு பூச்சிகளையும் பல்லாண்டுகள் படமெடுத்தார். அவர் படமெடுத்த ஈக்கள் சில, மல்லாக்கக் கட்டப்பட்டுக் கால்களால் சிறு பொருள்களைச் சுழற்றிக்காட்டின என்பதையும் மறைத்தல் கூடாது. உயிருடன் எடுத்த படம் யாவும் உரிமையுடன் விட்டு எடுத்த படம் ஆகாது.

1930களில் ஹெரால்டு எட்ஜர்ட்டன் மின்வீச்சொளியைச் செம்மைப்படுத்தினார். 1975 இல் ஸ்டீபன் டால்ட்டன் வெளியிட்ட நூலில், நொடியின் 25,000 இல் ஒரு கூறளவான ஒளிவீச்சால் பறக்கும் பூச்சிகள் தெளிவுறக் காணப்பட்டன. டால்பட்டுக்குக் கழற்றிய சிறகே கிட்டிற்று. டால்ட்டனுக்குப் பறக்கும் சிறகு கிட்டிற்று. இடையே கழிந்தவை ஏறத்தாழ 135 ஆண்டுகள்.

இனி, மேற்கூறியவற்றால் ஒளிப்படம் கொலைக்கு முற்றும் மாற்றாயிற்று எனத் துணிதல் பொருந்துமோ எனக் காண்போம். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஜெனிபர் ஓவன் என்னும் விலங்கியலறிஞர், 741 சதுர மீட்டர் பரப்புள்ள தம் வீட்டுத் தோட்டத்தை 1972 முதல் 2001 வரை 30 ஆண்டுகள் ஆராய்ந்தார். அவர் கண்ட இனங்கள் 2,673. அவற்றுள் பூச்சியினங்கள் மட்டும் 1,997. இக்நியூமன் என்னும் ஒட்டுண்ணிக் குளவிகளுள் அறிவியலுக்கே புதியனவும் அவரது தோட்டத்தில் கிடைத்தன. இச்செல்வம் பெரும்பாலும் ஒளிப்படத்தால் பெற்றதன்று. கூடாரம் போன்ற வலைப்பொறியில் வீழ்ந்து இறந்த பூச்சிகளை நுண்ணோக்கியில் வைத்து இனங்கண்டதால் பெற்றது. சிறு குளவிகள் பலவற்றை உறுப்புக்களின் நுண்ணிய வேறுபாட்டாலன்றிப் பிரித்தறிதல் இயலாது. எத்துணைத் தெளிவான படமும் ஆங்குப் போதாது.

ஆதலின் இரண்டு முடிபுகள் பெறப்படுகின்றன. வண்ணத்துப்பூச்சி, தும்பி, பறவை, மலர் போன்று புறத்தோற்றத்தால் அறியத்தக்கவற்றுக்கு, உயிருடன் எடுத்த படம் ஊசியிற் குத்திய உடலுக்கு மாற்றாக நிற்கும். நுண்ணுறுப்பால் மட்டுமே அறியத்தக்கவற்றுக்கு அஃது ஒரு துணைச் சான்றே. இவ்வேறுபாட்டை மறந்து எல்லாப் படத்துக்கும் பெயர் சூட்டுதல் ஆராய்ச்சியாகாது.

இன்னொன்றும் உண்டு. ஒளிபடு காலம் சுருங்கியதேயன்றிக் காணும் காலம் சுருங்கவேண்டுவதில்லை. அட்கின்ஸ் அம்மையார் பத்தாண்டும், ஓவன் அம்மையார் முப்பதாண்டும் செலவிட்டனர். இன்று தோட்டத்தில் எடுத்த ஒரு படம் நாளையோர்க்குச் சான்றாக வேண்டுமாயின், நாளும் இடமும், பூச்சி அமர்ந்த செடியின் பெயரும் அதனுடன் எழுதப்பெறல் வேண்டும்; ஒரே தோட்டம் ஆண்டுதோறும் மீண்டும் நோக்கப்பெறல் வேண்டும். 2008 இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுப் பதிவேடுகள் நாளும் இடமும் கேட்பதும் இதுபற்றியே. கருவி விரைவைத் தந்துள்ளது. ஒரே செடியின் முன் பலநாள் நிற்கும் பொறுமையை நாமே தருதல் வேண்டும்.