தையல் இயந்திரத்திலிருந்து கார் வரை

நாற்பது வயதுக்குமேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வளைவில் திரும்பும்போது இரு பக்கச் சக்கரங்களும் எப்படி வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். “அதெல்லாம் மிஷின் சமாச்சாரம் மேடம், உங்களுக்கு எதுக்கு?” என்றார்.

பதிலைத் தேடியபோது இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகருக்குப் போய்ச் சேர்ந்தேன். ஹம்பர், சிங்கர், ரைலி, ரோவர் எல்லாம் சைக்கிள் செய்து, பிறகு காருக்கு மாறிய நிறுவனங்கள். அந்த ஊரில் ‘சைக்கிள் தொழிலின் தந்தை’ என்று கொண்டாடப்படுபவர் ஜேம்ஸ் ஸ்டார்லி. அவருடைய தொழிற்சாலை முதலில் செய்தது தையல் இயந்திரம். 1869இல்தான் அது சைக்கிளுக்குத் திரும்பியது. வீட்டுக்குள் பெண்கள் தைப்பதற்கான இயந்திரத்தில் பழகிய கைத்திறனே வெளியே ஓடும் வண்டியையும் செய்தது.

ஆனால் அந்த வண்டியில் பெண்கள் ஏற முடியவில்லை. முன்சக்கரம் அவ்வளவு பெரியது. பாவாடையோ தரையைத் தொடும். 1874இல் ஒருபக்கமாக உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிளை ஸ்டார்லி செய்தார், எடுபடவில்லை. மூன்று சக்கர வண்டி எடுபட்டது. பெண்கள் அதை விரும்பி ஓட்டினார்கள். விக்டோரியா அரசியே 1881இல் இரண்டு வாங்கினார்.

மூன்று சக்கர வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டு சக்கரங்களையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் வண்டி ஒழுங்காகத் திரும்பாது. அதற்காக 1877இல் ஸ்டார்லி டிஃபரென்ஷியல் கியரைப் பயன்படுத்தினார். அந்தப் பல்சக்கர அமைப்பு முன்பே அறியப்பட்டதுதான். சைக்கிள் தொழிலுக்குள் கொண்டுவந்தவர் அவர். இன்றைய கார்களிலும் அது இருக்கிறது.

1885இல் அவருடைய சகோதரர் மகனான ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறக்குறைய சம அளவுள்ள இரு சக்கரங்களோடு ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். அந்த வடிவம் பரவியபின் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சாலைக்கு வந்தார்கள். வண்டி இடம் கொடுத்தது, ஊர் கொடுக்கவில்லை. 1898இல் கால்சட்டை போன்ற உடையில் சைக்கிளில் வந்த ஹார்பர்டன் சீமாட்டியை ஒரு விடுதி தன் காபி அறைக்குள் விடவில்லை. வழக்குப் போட்டார்கள், 1899இல் தோற்றார்கள்.

ரோவர் 1904இல் கார் விற்கத் தொடங்கியது. அதன்பின் எழுதப்பட்ட கதையில் தந்தைகளும் மகன்களும்தான் இருக்கிறார்கள். தைத்தவளும் மிதித்தவளும் இல்லை.

என் கேள்விக்கான பதில், பெண்கள் ஆசையாக ஓட்டிய ஒரு வண்டிக்குள் இருந்தது. அதைக் கேட்க எனக்கு உரிமை உண்டு.