உணவு விரயம்: தமிழ் முஸ்லிம் வீடுகளில்

தமிழ் முஸ்லிம்களிடையே சோற்றை வீணாக்குவது 'இஸ்ராஃப்', அதாவது வரம்பு மீறல். உண்ணுங்கள், பருகுங்கள், அளவு மீறாதீர்கள் என்பது குர்ஆன் 7:31இன் கருத்து. 17:27 வீண்விரயம் செய்வோரைச் சைத்தானோடு உறவுபடுத்துகிறது. விழுந்த கவளத்தைத் துடைத்து உண்ணவும், தட்டை வழித்து உண்ணவும் நபிமொழிகள் சொல்கின்றன. பரக்கத், அதாவது இறையருள், எந்தப் பருக்கையில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாதே!

விருந்தோம்பலும் மார்க்கக் கடமைதான். வந்தவருக்குச் சோறு பற்றாமல் போவது மானக்கேடு என்பதால் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே உலை வைக்கிறார்கள். பானையில் மிஞ்சுவதற்குப் பெருந்தீனியைவிட இந்த அச்சமே காரணம் எனலாம்.

இதற்கு ஈடுகொடுக்கும் ஏற்பாடு சஹன். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் விருந்துகளில் பெரிய தட்டு ஒன்றில் நெய்ச்சோற்றைக் குவித்து, இரண்டு மூன்று பேர் சுற்றி அமர்ந்து அவரவர் பக்கத்திலிருந்து உண்பார்கள். இலங்கையில் ஆறு பேர்வரை உட்காருவதுண்டு. வாழையிலையில் மிஞ்சியது எச்சில். அதை யாரும் தொடமாட்டார்கள். சஹனில் ஒருவர் விட்டதை அடுத்தவர் முடித்துவிடுவார். எச்சில் என்ற விலக்கு தளர்ந்த இடத்தில் விரயமும் குறைகிறது. பிரியாணிக்குத் துணையான தால்சாவும் சிக்கனத்தின் பிள்ளையே: எலும்பும் பருப்பும் கத்தரிக்காயும் சேர்ந்து அங்கே குழம்பாகிவிடுகின்றன.

ஹஜ்ஜுப் பெருநாளில் பலியிடும் குர்பானி இறைச்சியை வீட்டுக்கு, உறவுக்கு, ஏழைக்கு என மூன்றாகப் பங்கிடுவது வழக்கம். ஓராண்டு மதீனாவுக்கு ஏழைகள் திரண்டு வந்தபோது, அதை மூன்று நாளுக்குமேல் வைத்திருக்க நபிகள் தடுத்தார். பின்னர் அத்தடை நீங்கியது. மிஞ்சியதை உப்புக்கண்டம் போட்ட வீடுகளில் இன்று குளிர்பெட்டி அந்த வேலையைச் செய்கிறது. கொடுப்பதைத் தள்ளிப்போடவும் அது வசதியாகிவிட்டது.

ரமலானில் பள்ளிவாசல்கள் காய்ச்சும் நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கிச் செல்வார்கள். 2001 முதல் தமிழக அரசு இதற்கு அரிசி வழங்குகிறது. கஞ்சியோடு சமோசாவும் வடையும் பழமும் பிரியாணியும் அடுக்கப்படும் வீடுகளில், பகலெல்லாம் பசித்த கண் வாங்கியதை வயிறு முடிப்பதில்லை.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாகிறது. உலகச் சராசரி 79 கிலோ. இது மதவாரிக் கணக்கன்று. வீட்டுக் கணக்கு மட்டுமே என்பதால், சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் போன்ற தொழிற்பகுதியில் ஆலை உணவுக்கூடத்து மிச்சம் இதில் சேராது, வாடகை அறையில் ஆக்கியது சேரும். ஊரைவிட்டு அங்கே வந்து தங்கிய முஸ்லிம்களுக்குக் குர்பானியின் உறவுப் பங்கைக் கொடுக்கப் பக்கத்துத் தெருவில் உறவு இருப்பதில்லை.