ஒரு தீவு, இரண்டு துடிப்புகள்

பழைய சோக் போட்ட டியூப்லைட் எரியும் அறையை வீடியோ எடுக்கிறோம். கேமராவில் ஆட்டோவை அணைத்துவிட்டு நொடிக்கு 30 ஃபிரேம், ஷட்டர் 1/60 என்று வைக்கிறோம். ஒசாகாவில் படம் சுத்தமாக வரும். அதே கேமராவை டோக்கியோவுக்குக் கொண்டுபோனால் படம் முழுக்கக் கருப்புப் பட்டைகள் துடிக்கும். நேரில் பார்க்கும் கண்ணுக்கோ இரண்டு அறைக்கும் வித்தியாசமே தெரியாது.

கணக்கு எளிது. மாறுமின்னோட்டத்தின் ஒவ்வொரு சுற்றிலும் விளக்கு இரண்டு முறை மங்கும். 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 120 தடவை. அதை 30 ஃபிரேமுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நான்கு, மிச்சமில்லை. 50 ஹெர்ட்ஸில் 100 தடவை. முப்பதால் வகுத்தால் மூன்றேகால்கூட இல்லை, மூன்றேமூன்றில்ஒன்று. அந்த மிச்சம்தான் பட்டையாக நம் முன்னால் வந்து நிற்கிறது. இன்றைய கேமரா சென்சார்கள் படத்தை வரிவரியாகப் படிப்பதால், மங்கிய நேரத்தில் படித்த வரிகள் மட்டும் இருண்டுபோகின்றன. ஷட்டரை 1/100 ஆக்கினால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முழு மினுக்கு கிடைக்கும், பட்டை போய்விடும்.

சரி, ஒரே நாட்டில் ஏன் இரண்டு துடிப்பு? 1890களில் டோக்கியோவின் மின் நிறுவனம் ஜெர்மனியின் ஏஇஜி-யிடம் 50 ஹெர்ட்ஸ் ஜெனரேட்டர் வாங்கியது. ஒசாகாக்காரர்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கிடம் 60 ஹெர்ட்ஸ் வாங்கினார்கள். இரண்டு பர்ச்சேஸ் ஆர்டர், அவ்வளவுதான். அன்று இரண்டு ஊரும் கம்பியால் இணையப்போவதாக யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பிறகு இரு பக்கமும் தன் தன் போக்கில் வளர்ந்தன. இன்றும் ஷிசுவோகாவின் ஃபுஜி ஆற்றையொட்டித்தான் எல்லை.

1953இல் தொலைக்காட்சி வந்தபோது ஜப்பான் முழுவதற்கும் அமெரிக்க முறையையே எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்கர்கள் நொடிக்கு 60 அரைப்படம் என்று வைத்ததே அவர்கள் ஊர் மின்சாரத்தோடு ஒத்துப்போகத்தான். மின்கசிவால் திரையில் பட்டை விழுந்தாலும் அது ஓடாமல் நிற்கும். ஐரோப்பாவும் இதே காரணத்தால் 50ஐத் தேர்ந்தது. டோக்கியோவுக்கு மட்டும் மின்சாரம் ஒரு பக்கம், டிவி இன்னொரு பக்கம்.

ஒன்றாக்கியிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். சாஃப்ட்வேர் எழுதுபவனாக எனக்கு இது ரொம்பப் பழகிய கதை. மாற்றுவதென்றால் ஒரு பக்கத்தின் ஜெனரேட்டர்கள், ஆலை மோட்டார்கள் எல்லாவற்றையும் தொட வேண்டும். தொடாமல் நடுவில் ஒரு அடாப்டர் போட்டார்கள். 1965இல் சகுமாவில் வந்த அலைவெண் மாற்றி நிலையம் அதுதான். அந்த அடாப்டர்தான் பின்னாளில் கழுத்தை இறுக்கியது.

2011 மார்ச் 11, நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும். கிழக்கே மின்நிலையங்கள் வரிசையாக நின்றன. ஃபுகுஷிமா தாய்இச்சி ஒன்றின் திறனே சுமார் 47 லட்சம் கிலோவாட். மேற்கு ஜப்பான் உதவத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் எல்லையில் இருந்த மாற்றி நிலையங்கள் எல்லாம் சேர்ந்தும் ஏறக்குறைய 10 லட்சம் கிலோவாட்டுக்கு மேல் கடத்த முடியாது. டோக்கியோ வட்டாரத்தில் பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்தினார்கள். ரயில்கள் குறைந்தன, சிக்னல் விளக்குகள்கூட அணைந்தன. வீடியோவில் வெறும் பட்டையாகத் தெரிந்த அதே மிச்சம்தான் இதுவும்.

அதன் பிறகும் யாரும் ஒரே துடிப்புக்கு மாறவில்லை. அடாப்டரைத்தான் பெரிதாக்கினார்கள். 2021இல் திறன் 21 லட்சம் கிலோவாட் ஆனது.