மேசைப் பாத்திர விளையாட்டு: ஆடுவோரே விதி செய்வோர்

1. எல்லை

நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தராகப் பேசுகிறார்கள். ஒரு செயல் பலிக்குமா என்ற ஐயம் எழும்போது பகடை உருட்டுகிறார்கள். ஒருவர் மட்டும் ஆட்ட நடத்துநர். மற்ற மாந்தரும் உலகமும் அவர் பொறுப்பு. இவ்வகை ஆட்டத்தையே இக்கட்டுரை ஆராய்கிறது. கணினி விளையாட்டுகள் இதில் அடங்கா. ஆடியவர்கள் ஆடிக்கொண்டே விதிகளைத் திருத்தியதால்தான் இவ்வடிவம் பிறந்தது என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

2. தோற்றம்

1969இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி நெப்போலியன் காலப் போர் விளையாட்டு ஒன்றை மாற்றியமைத்தார். படைகளோடு, பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரின் தனித்தனி ஆள்களையும் ஆட்டக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஆட்டம் கட்டுக்கடங்காமல் போயிற்று. தோல்வி என்றே வெஸ்லி எண்ணினார்; ஆடியவர்களோ இன்னொரு முறை வேண்டுமென்றார்கள். அவர்களுள் ஒருவரான டேவ் ஆர்னசன், பிளாக்மூர் என்ற கற்பனை நாட்டை வைத்து ஆட்டம் நடத்தலானார். கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதிய ‘செயின்மெயில்’ (1971) விதிகளை எடுத்தாண்டு, அவை போதாத இடத்தில் தாமே விதி வகுத்தார்.

1974இல் கைகாக்ஸ், ஆர்னசன் இருவர் பெயரிலும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வந்தது. ஒரு பெட்டியில் மூன்று சிறு நூல்கள். முதல் அச்சு 1000 படிகள். விளக்கம் குறைவு, ஓட்டைகள் பல. அந்த ஓட்டைகளை அடைக்கப் போனவர்கள்தான் அடுத்த வடிவமைப்பாளர்கள் ஆனார்கள்.

3. பகடைக் கணக்கு

புதிதாக ஆட்டம் அமைப்பவர்கள் பெரும்பாலும் அரச வம்சங்களையும் வரைபடங்களையும் எழுதிக் குவிக்கிறார்கள். (அவற்றைப் படிக்கும் பொறுமை அவர்களுடைய நண்பர்களுக்கே இருப்பதில்லை.) ஆட்டத்தின் குணத்தை அதைவிட அதிகம் தீர்மானிப்பது பகடை.

3.1. இருபது முகப் பகடையில் ஒவ்வொரு எண்ணுக்கும் வாய்ப்பு 5 விழுக்காடு. விழுந்த எண்ணோடு சேர்க்கும் கூட்டெண் ஒன்று ஏறினால், எட்டவேண்டிய இலக்கு பகடையின் எல்லைக்குள் இருக்கும்வரை, வெற்றி வாய்ப்பும் 5 புள்ளி ஏறும். வல்லவனும் தடுமாறுவான், கற்றுக்குட்டியும் வெல்வான்.

3.2. இரண்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை நடுவில் குவியும். ‘7க்கு மேல் வெற்றி’ என்று வைக்காமல், 7ஐயும் சேர்த்து வைத்தால் வாய்ப்பு 36இல் 21. கூட்டெண் +1 ஆனால் 26; +2 ஆனால் 30; +3 ஆனால் 33. முதல் படி பெரிது, பின்னவை சிறிது.

3.3. வின்சென்ட் பேக்கரும் மெகுவி பேக்கரும் ‘அபோகலிப்ஸ் வேர்ல்டு’ (2010) ஆட்டத்தில் இக்குவியலைத் திறமாகப் பயன்படுத்தினர். 10 அல்லது அதற்கு மேல் முழு வெற்றி. 7 முதல் 9 வரை விலை கொடுத்துப் பெறும் வெற்றி. கூட்டெண் இல்லாதபோது அந்த நடுநிலை விழும் வாய்ப்பு 36இல் 15, முழு வெற்றிக்கோ 6தான். ஆகவே வென்றவருக்கும் புதிய சிக்கல் வந்து சேர்கிறது, கதை நகர்கிறது. பக்கக்கணக்கான உலக வரலாறு செய்யாததை இந்த ஒரு விதி செய்கிறது.

4. சோதனை

விதிகளை எழுதியவரே ஆட்டத்தை நடத்திச் சோதித்தால் ஏட்டில் இல்லாத விதியை வாயால் நிரப்பிவிடுவார். ஏட்டை வேறொரு குழுவிடம் கொடுத்து, தான் குறுக்கிடாமல் இருப்பதே சரியான சோதனை.

5. உரிமை

அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் ஆட்டத்தின் வழிமுறையைக் காப்பதில்லை, எழுதிய சொற்களையே காக்கிறது. 2000இல், ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் பதிப்பாளரான விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் திறந்த உரிமம் ஒன்றை வெளியிட்டது. 2023 சனவரியில் அதை மாற்ற முயன்றபோது ஆட்டக்காரர்கள் கடுமையாக எதிர்த்தனர். அதே மாதம் அந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளிவந்தது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு எவரும் அதைத் திருத்தலாம், விற்கலாம்.