"சத்தம் கேக்குது, பேச்சு புரியல..." இரைச்சலில் காது கேட்கும் திறனை அளப்பது எப்படி?

வீட்டில் உட்கார்ந்து பேசினால் எல்லாம் புரியும். பஸ் ஸ்டாண்டிலோ கல்யாண மண்டபத்திலோ பேசினால், "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல" என்பார்கள் சிலர். இது கவனக்குறைவு அல்ல, காதில் பாதிப்பு தொடங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். வழக்கமான காது பரிசோதனையில் இது சில நேரம் தெரியாமலே போய்விடும். இதை அளக்கத் தனிச் சோதனை இருக்கிறது.

ராஜபாளையத்துக்கு ஏன் முக்கியம்?

1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸை நிறுவினார். அதன் பிறகு இந்த வட்டாரம் நூற்பாலைகளுக்குப் பெயர் பெற்றது. பக்கத்துச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பெயர் போனது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமும் தறிவேலை உண்டு.

கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடமே கத்திப் பேச வேண்டியிருந்தால், அங்கு சத்தம் சுமார் 85 டெசிபலைத் தாண்டியிருக்கலாம். ஆண்டுக்கணக்கில் அதில் நின்றால் உள்காதின் நுண்ணிய முடிச்செல்கள் அழியும். அழிந்தவை மீண்டும் முளைக்காது. முதலில் அடிபடுவது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான கீச்சு ஒலிகள்தான்.

பேச்சு மட்டும் ஏன் குழம்புகிறது?

கட்டு, தட்டு, பட்டு. மூன்றையும் பிரித்துக் காட்டுவது முதல் எழுத்தின் மெய்யொலி மட்டுமே. உயிரொலி பலமானது, எளிதில் கேட்கும். மெய்யொலி மெலிசானது, இரைச்சலில் முதலில் மறைந்துவிடும். அதனால்தான் சத்தம் வருகிறது, சொல் வருவதில்லை.

வழக்கமான பரிசோதனையில், சத்தமில்லாத அறையில் ஹெட்போன் மாட்டி 'பீப்' ஒலி கேட்கிறதா என்று பார்ப்பார்கள். அது அவசியமானதுதான், ஆனால் இரைச்சலில் பேச்சைப் பிரித்தறியும் திறனை அது அளப்பதில்லை. 2009-ல் குஜாவா, லிபர்மேன் என்ற விஞ்ஞானிகள் எலிகளில் நடத்திய ஆய்வில், சத்தத்துக்குப் பிறகு கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பியும், காது நரம்பின் இணைப்புகள் நிரந்தரமாகக் குறைந்திருந்தன. மனிதர்களில் இதன் பங்கு எவ்வளவு என்பது இன்னும் ஆராயப்படுகிறது.

சோதனை எப்படி நடக்கும்?

ஹெட்போனில் இரைச்சலும் பேச்சும் சேர்ந்து ஒலிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டக் கூட்டத்தில் பல குரல்கள் கலந்து கேட்குமே, அதுபோன்ற இரைச்சலும் சில சோதனைகளில் உண்டு. கேட்ட சொல்லையோ வாக்கியத்தையோ திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் பேச்சின் அளவு குறையும், தவறினால் கூடும். பாதி அளவு சரியாகச் சொல்ல முடிகிற இடமே உங்கள் மதிப்பெண்.

இரைச்சல் 65 டெசிபல், பேச்சும் 65 என்றால் வித்தியாசம் பூஜ்யம். பேச்சு 60 என்றால் மைனஸ் 5. நல்ல காது உள்ளவர், இரைச்சலே மேலோங்கி இருக்கும்போதும் எண்களைப் பிடித்துவிடுவார். பாதிப்பு உள்ளவருக்குப் பேச்சை உயர்த்த வேண்டியிருக்கும்.

மூன்று எண்களைச் சொல்லி இப்படிச் சோதிக்கும் முறை நெதர்லாந்தில் தொலைபேசி வழியாகத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட 'ஹியர்ஹூ' செயலியும் இதே வகைதான்.

சோதனை தாய்மொழியில் இருப்பது ஏன் அவசியம்?

தெரியாத மொழியில் சோதித்தால் காதை அல்ல, மொழியறிவைத்தான் அளப்போம். மொழிபெயர்த்தாலும் போதாது. டச்சு மொழியில் இரண்டு அசை கொண்ட 7, 9 ஆகியவற்றை விட்டுவிட்டார்கள். மற்ற எண்கள் ஓரசை என்பதால், நீளத்தை வைத்தே ஊகித்துவிடலாம். தமிழில் ஒண்ணு முதல் எட்டு வரை எல்லாம் இரண்டு அசை, 'ஒம்பது' மட்டும் மூன்று. ஆகவே தமிழுக்குத் தனியாகவே வடிவமைக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தொழிற்சாலைகள் சட்டம் 1948-ன் மூன்றாவது அட்டவணை, இரைச்சலால் வரும் காது கேளாமையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோயாகச் சேர்த்தது. அச்சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் உச்சவரம்பாக இருந்தது.

ஆனால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன்படி, 'கேட்கும் திறன் குறைந்தவர்' எனக் கருதப்பட இரு காதிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு இருக்க வேண்டும். இரைச்சலில் மட்டும் தடுமாறுபவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். சான்றிதழ் கிடைக்காவிட்டாலும் அவர் தடுமாற்றம் நிஜமே.

என்ன செய்யலாம்?

* ஷிப்ட் முடிந்ததும் காதில் ரீங்காரம் கேட்டாலோ, டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாலோ தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.
* "கூட்டத்துல பேச்சு புரியல" என்று தெளிவாகச் சொல்லி, இரைச்சலில் பேச்சுச் சோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். எத்தனை ஆண்டு மில் வேலை என்பதையும் சொல்லுங்கள்.
* செயலி முதற்கட்டச் சோதனைதான், டாக்டரின் பரிசோதனைக்கு ஈடாகாது.
* காதுக் கருவி இரைச்சலையும் சேர்த்துக் கூட்டலாம். முன்னால் பேசுபவரின் குரலைத் தனித்துப் பிடிக்கும் மைக் உள்ள கருவி பற்றிக் கேளுங்கள்.
* வேலையிடத்தில் காதடைப்பானை ஷிப்ட் முழுக்கப் போட்டிருங்கள். நடுவில் கழற்றினால் பலன் வெகுவாகக் குறையும்.
* வீட்டில் இருப்பவர்கள் கத்த வேண்டாம். டிவியை நிறுத்தி, கிட்டே வந்து, முகம் பார்த்து நிதானமாகப் பேசினாலே பாதி புரிந்துவிடும்.